வாங்கிய வித்தையும் வழிநூலும்

குழந்தைகளுக்கு மாயவித்தை காட்டுகிறவர் தம் வித்தையைத் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது கடையில் விற்கும் வித்தையை அதற்குரிய பேச்சோடும் சிரிப்போடும் மொத்தமாக வாங்கிவந்து மேடையில் ஒப்பித்தால் போதுமா? இந்தக் கேள்வியை இலக்கிய நண்பர்கள் சிலரிடம் எழுப்பியபோது அவர்கள் சிரித்தார்கள். தழுவல் எது, திருட்டு எது என்று நாவல்களையும் திரைப்படங்களையும் முன்வைத்து விடிய விடிய வாதிட்டவர்கள் அவர்கள். பள்ளி ஆண்டுவிழாவில் தொப்பியிலிருந்து முயல் எடுக்கும் மனிதரைப் பற்றி அப்படி வாதிட அவர்களுக்கு மனமில்லை. பார்ப்பவர்கள் குழந்தைகள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. குழந்தைகளுக்கானது இரண்டாம்தரமாக இருக்கலாம் என்பது நம் சிறுபத்திரிகைச் சூழலில் யாரும் எழுதிவைக்காத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி. அந்த விதியோடுதான் இக்கட்டுரைக்குப் பகை.

1

ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூரின் அரசு நடுநிலைப் பள்ளி. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அங்கே ஏழு நாள் நடந்து முடிந்த மாலை. நிறைவு விழாவுக்கு மேஜிக் வேண்டும் என்று மாணவர்கள் கேட்க, அக்கம்பக்கத்தில் பெயர்பெற்ற ஒருவரை அழைத்திருந்தோம். வார நாள்களில் அவர் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். விடுமுறை நாள்களில் மட்டும் கோட்டு அணிபவர். எதிரே தரையில் அமர்ந்திருந்த குழந்தைகளில் பலருடைய அம்மாக்கள் காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறி மாலையில் இறங்குகிறவர்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் உருது பேசும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தார்கள்.

அவர் காட்டியவற்றுள் ஒன்று வண்ணப் புத்தகம். ஒருமுறை புரட்டினால் எல்லாப் பக்கமும் வெள்ளை. மறுமுறை புரட்டினால் கோட்டுப் படங்கள். மூன்றாம் முறை அதே படங்கள் வண்ணத்தில். மிகப் பழைய வித்தை இது. இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் சூனியத்தைப் பற்றி 1584இல் வெளியிட்ட நூலிலேயே இத்தகைய புத்தகத்தைப் பற்றிய குறிப்பு உண்டு. நம்மவர் கையில் இருந்தது அதன் கடைச் சரக்கு. பனிமனிதன், கணப்படுப்பு, அதன்மேல் தொங்கும் காலுறைகள் என்று படங்கள் விரிந்தன. அவர் பேசிய பேச்சும் வாங்கியதே. கூடவந்த ஆங்கிலக் குறிப்பை மனப்பாடம் செய்து, இடையிடையே தமிழாக்கி ஒப்பித்தார். எங்கே தடுமாறுவதுபோல் நடிப்பது, எங்கே குழந்தைகளைக் கத்தச் சொல்வது என்பதெல்லாம் தாளில் கண்டபடியே நடந்தன. குழந்தைகள் கத்தினார்கள். கத்தச் சொன்னால் குழந்தைகள் கத்துவார்கள்.

பனிமனிதன் வந்தபோது முன்வரிசையில் ஒரு சிறுமி பக்கத்திலிருந்தவளிடம், "அது இன்னாடி?" என்று கேட்டாள். மற்றவள் சற்று யோசித்து, "உப்பு பொம்மைடி" என்றாள். டேனரிகளுக்கு வரும் பச்சைத் தோல்கள் உப்புத் தடவி வருவதையும், உதறிய உப்பு குவியலாகக் கிடப்பதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். பனியைப் பார்த்திராத கண், தான் பார்த்த வெள்ளையைக் கொண்டு அந்தப் படத்தைப் படித்துக்கொண்டது. அந்த மாலையில் நாம் கண்ட மாயம் அது ஒன்றுதான். மேடையில் நின்றவருக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அதை வைத்துக்கொள்ள அவருடைய தாளில் இடமில்லை.

2

நிகழ்ச்சி முடிந்து தேநீர் அருந்தும்போது இதை அவரிடம் சொன்னோம். சொன்ன விதத்தில் வகுப்பறைத் தொனி ஏறியிருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. "சார், இந்த ஊர்ல தைக்கிற ஷூவெல்லாம் யாரு டிசைன்? வெளிநாட்டுக்காரன் அனுப்புறான், நாங்க வெட்டுறோம், பொம்பளைங்க தைக்கிறாங்க. அதை யாரும் காப்பின்னு சொல்றதில்லையே. நீங்க காலேஜ்ல நடத்துறது நீங்களே எழுதின பாடமா?"

நியாயமான அடி. பத்தாண்டுக்கு முன் எழுதிவைத்த குறிப்பேட்டை ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே நகைச்சுவையோடு வாசிக்கிற ஆசிரியர்களுள் நாமும் ஒருவர்தாம். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் வெளியான தம் நூலில், லண்டனில் வித்தை காட்டிய இந்தியர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பித்தளைப் பந்துகளைக் காற்றில் சுழற்றிய அந்தக் கையின் பிழையின்மையைப் பார்த்தபின், இதற்கு நிகராகத் தம்மால் செய்யக்கூடியது என்ன இருக்கிறது என்று தம்மையே கேட்டுக்கொண்டு, எதுவுமில்லை என்று ஒப்புக்கொள்கிறார். வித்தைக்காரனின் கை தவறினால் அந்தக் கணமே ஊரறியும். எழுதுகிறவனின் குழப்பம் பல காலம் ஒளிந்திருக்கும். ஆகவே வித்தைக்காரருக்கு உபதேசம் செய்யும் உயரத்தில் நின்று இதை எழுதவில்லை. கேள்வி அவருக்கும் நமக்கும் பொதுவானது என்பதாலேயே எழுதுகிறோம்.

வேறொரு திசையிலிருந்தும் தாக்குதல் வந்தது. பின்நவீனத்துவத்தில் தோய்ந்த நண்பர் ஒருவர், மூலம் என்பதே ஒரு மாயை, எல்லாப் பிரதியும் முந்தைய பிரதிகளின் நெசவு, ஆசிரியன் எப்போதோ இறந்துவிட்டான் என்றார். அந்தக் கோட்பாட்டின் பிறப்பிடத்தில் அதற்கு இருந்த கூர்மை வேறு. நம்மூரில் அது சோம்பலுக்குக் கிடைத்த நற்சான்றாகிவிட்டது. எல்லாம் நெசவு என்று சொல்பவர், தறியில் உட்கார மறுப்பதற்கு அதைக் காரணமாகக் காட்டக் கூடாது.

3

மேலைக் கோட்பாட்டைத் தேடிப் போகவும் தேவையில்லை. சுயம், நகல் என்ற இரட்டைக் கட்டத்துக்குள் தமிழிலக்கணம் ஒருபோதும் அடைபட்டதில்லை. தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. தொகுத்தும் விரித்தும், இரண்டையும் கலந்தும், மொழிபெயர்த்தும் வழிநூல் செய்யலாம் என்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. வழிநூலுக்கு நன்னூலார் கூறும் இலக்கணம் நம் வாதத்துக்கு மிக நெருக்கமானது: முன்னோரின் முடிவோடு ஒத்து நிற்க வேண்டும், அதோடு, பின்வந்தவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டையும் அதில் செய்திருக்க வேண்டும். வான்மீகியின் கதையை எடுத்துக்கொண்டதற்காகக் கம்பரை யாரும் நகலெடுத்தவர் என்று சொன்னதில்லை. அதே சமயம், ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவரை யாரும் வழிநூலாசிரியர் என்று அழைத்ததும் இல்லை. அவர் செய்தது பயனுள்ள வேலை, பெயர் வேறு.

வித்தையிலும் இதே மரபு இருந்தது. செப்பிடுவித்தை என்ற சொல்லைப் பாருங்கள். செப்புகளைக் கவிழ்த்துப் பந்தை மறைக்கும் ஒரே ஒரு வித்தையின் பெயர், தமிழில் எல்லா மாயவித்தைக்கும் பெயராயிற்று. கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி இருபதாம் நூற்றாண்டில் புகழ்பெற்றதும் இதே செப்பும் பந்தும் கொண்டுதான். செப்பு எல்லோருக்கும் பொது. கைமுறையும் ஏறக்குறைய பொது. சந்தையில் வட்டம் கூட்டி நின்றவரின் நாக்கு மட்டும் அவருடையது. எதிரே நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, அந்த ஊர்ப் பெயரை இழுத்து, முன்னால் நிற்கும் சிறுவனை வம்புக்கிழுத்துப் பேசினால்தான் துண்டில் காசு விழும். கூட்டத்தைப் பாராமல் ஒப்பித்தவர் அன்றிரவு பட்டினி.

4

வரலாறும் இதையே சொல்கிறது. சென்னையில் 1830ஐ ஒட்டி ஒருவர் காற்றில் உட்கார்ந்து காட்டினார். ஆங்கிலேயர் அவர் பெயரைச் சேஷால் என்று எழுதிவைத்தார்கள். லண்டனின் சாட்டர்டே மேகசின் 1832இல் அவரைப் படத்துடன் அறிமுகப்படுத்தியது. சம்மணமிட்ட உடல் தரையைத் தொடவில்லை. ஒரு கை மட்டும், மான்தோல் சுற்றிய தாங்கியின்மேல் சற்றே படிந்திருந்தது. தோலுக்குள் ஒளிந்திருந்த இரும்புதான் உடலைத் தாங்கியது என்பது பின்னர் அச்சிலேயே வந்துவிட்ட செய்தி.

1840களின் பிற்பகுதியில் பாரிஸில் ரொபேர் ஊதான், ஒளித்த தாங்கி என்ற அதே தத்துவத்தில் அமைந்த வித்தையைத் தம் மகனை வைத்துக் காட்டினார். ஹூடினி பின்னாளில் தம் மேடைப்பெயரை உருவாக்கிக்கொண்டது இவர் பெயரிலிருந்துதான். அறுவை சிகிச்சையில் வலி தெரியாமலிருக்க ஈதரைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர்கள் வெளிப்படையாகக் காட்டியது 1846இல். ஊரெல்லாம் ஈதர் பேச்சாக இருந்தபோது, ஈதரை முகர்ந்தால் உடல் எடையிழக்கும் என்று ஒரு கதை கட்டி, மகனை உறங்கவைத்து, ஒரு கோலின்மேல் முழங்கை மட்டும் படியக் கிடைமட்டமாக மிதக்கவிட்டார் ஊதான். குழந்தையை இப்படி வதைக்கலாமா என்று அவரைக் கண்டித்தவர்களும் உண்டு. சென்னையில் தவவலிமையாகத் தெரிந்தது பாரிஸில் விஞ்ஞானமாகத் தெரிந்தது. இரும்பு ஒன்றே, அந்தந்த ஊர் அந்த ஆண்டில் எதை நம்பத் தயாராக இருந்ததோ அதைக் கண்டறிந்து சொன்னதுதான் இருவருடைய ஆக்கம். இருவரும் பின்னோர்க்குரிய வேறுபாட்டைச் செய்தவர்கள்.

இதற்கு நேர்மாறான கேலிக்கூத்தும் உண்டு. ஜெர்மானிய வித்தைக்காரர் கலநாக், தம் மேடை வித்தைகளை பி. சி. சர்க்கார் திருடிவிட்டார் என்று 1955இல் குற்றம் சாட்டினார். கலநாக் என்ற பெயரே கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் வரும் யானையின் பெயர். இந்தியப் பெயரை எடுத்துக்கொண்ட ஜெர்மானியர், மேலைநாட்டுக் கருவிகளை எடுத்துக்கொண்ட வங்காளியைத் திருடர் என்றார். பிற வித்தைக்காரர்களோ, கலநாக்கின் வித்தைகளே பிறரிடமிருந்து வந்தவைதாமே என்று கேட்டார்கள். வழக்கைக் கருவியின் மேல் நடத்தினால் அது எங்கும் போய் முடியாது. சர்க்காரின் புகழுக்குக் காரணங்களுள் ஒன்றான நீர்ச் செம்பு வித்தை எந்தக் கடையிலும் கிடைப்பது. கவிழ்த்துக் காலியாக்கிய செம்பில் மீண்டும் மீண்டும் நீர் வரும். நிகழ்ச்சி நெடுக, வேறு வித்தைகளுக்கு இடையே, அவர் அதற்குத் திரும்பத் திரும்ப வந்து, 'இந்திய நீர்' என்று பெயர் சொல்லிக் கவிழ்ப்பார். செம்பு வணிகருடையது, அந்தத் திரும்பி வருதல் சர்க்காருடையது.

சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போட்டது. அமெரிக்க வித்தைக்காரர் டெல்லர், ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்ட நிஜ ரோஜாவின் இதழ்கள் உதிரும் தம் காட்சியை 1983இல் நாடகப் படைப்பாகப் பதிவுசெய்திருந்தார். அதைப் போலச் செய்து, கருவியை விற்கவும் முன்வந்த ஐரோப்பியர் ஒருவர்மீது அவர் தொடுத்த வழக்கில், நெவாடா நீதிமன்றம் 2014இல் டெல்லர் பக்கம் நின்றது. மாயவித்தையின் சூட்சுமத்துக்குப் பதிப்புரிமை இல்லை. நிகழ்த்தப்படும் மௌன நாடகத்துக்கு உண்டு என்பதே அதன் சாரம்.

5

இனி, நம் மேடைக்காரரின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். வாங்குவது குற்றமன்று. சொல்லப்போனால் வாங்குகிறவர் நேர்மையானவர். ஆக்கியவருக்குக் கூலி போய்ச்சேருகிறது. காணொளியைப் பார்த்துக் காசு கொடுக்காமல் பிறர் நிகழ்ச்சியை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் திருட்டு. ஒவ்வொருவரும் புதுச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று கோரும் தூய்மைவாதிகளோடும் நமக்கு உடன்பாடில்லை. தச்சரிடம் உளியையும் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

பிழைப்பு என்ற வாதமும் உண்மையானது. வாரம் முழுதும் கம்பெனியில் நின்றுவிட்டு ஞாயிறு ஒரு நாளில் சம்பாதிப்பவரிடம், ஓராண்டு உட்கார்ந்து ஒரு காட்சியைச் செதுக்குங்கள் என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் 'குழந்தைகளுக்கு என்ன தெரியும்' என்ற வாதத்தை மட்டும் ஏற்க மாட்டோம். பெரியவர்கள் புரியாததற்கும் கைதட்டுவார்கள். மரியாதை அவர்களைத் தடுக்கும். குழந்தை புரியாததைத் தனக்குத் தெரிந்ததைக்கொண்டு நிரப்பும். உப்பு பொம்மை அப்படித்தான் வந்தது. அந்த நிரப்புதலைக் கவனிக்காமல், தாளில் அடுத்து என்ன வரி என்று நினைத்துக்கொண்டு நிற்பது அவமரியாதை. நமக்கு உள்ள குறை அது ஒன்றுதான்.

ஷூவைப் பற்றிய கேள்விக்கான விடையை அவருடைய தொழிலே வைத்திருந்தது. கட்டிங் பிரிவில் வேலை செய்தவர்களிடம் பேசினால் தெரியும். வெட்டும் டை கம்பெனி கொடுப்பது. அதன் வடிவத்தை யாரும் மாற்ற முடியாது. ஆனால் தோல் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் முள் கீறிய தழும்பு, ஒன்றில் உண்ணி கடித்த வடு. முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் நெகிழ்வு. இழுபடும் திசை ஒவ்வொன்றிலும் வேறு. டையை எங்கே, எந்தச் சாய்வில் வைப்பது என்பது வெட்டுகிறவரின் கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. தோலைப் பாராமல் டையை வைப்பவர் அந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார். "மேடையில் மட்டும் ஏன் தோலைப் பார்க்காமல் டையை வைக்கிறீர்கள்?" என்று அன்று அவரிடம் கேட்டோம். பதில் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டத் தொடங்கினார். மனம் புண்பட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

6

மறு ஆண்டும் முகாம் அதே ஊரில் அமைந்தது, அவரையே அழைத்தோம். வண்ணப் புத்தகம் இம்முறையும் வந்தது, அதே பனிமனிதனோடு. ஆனால் இடையிடையே ஒரு பித்தளைச் செம்பும் வந்தது. கடையில் வாங்கியதே, உலகெங்கும் வித்தைக் கடைகளில் அதன் பெயர் 'லோட்டா'. உருது பேசும் பிள்ளைகளுக்கு அது வீட்டுச் சொல். இது தம் ஆயா பாலாற்று மணலில் ஊற்று தோண்டி நீர் மொண்ட செம்பு என்று தொடங்கினார். கவிழ்த்துக் காலியாக்கினார். பிறகு ஒவ்வொரு வித்தைக்கும் நடுவே செம்பை எடுத்து, "பாலாத்துல தண்ணி வந்துச்சா?" என்று தமிழிலும், "பானி ஆயா க்யா?" என்று உருதிலும் கேட்டார். "வரல!" என்று கூட்டம் கத்தியது. கவிழ்த்தால் நீர் வந்தது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, 2021 நவம்பரைப் போல எப்போதாவது கரைபுரளும் ஆற்றின் பிள்ளைகள் அவர்கள். நான்காம் முறை அந்தச் சத்தத்தைக் கேட்டு ஊர்ப் பெரியவர்கள் சுவரோரம் வந்து நின்றார்கள்.

கடைசி முறை நீர் கொட்டியபோது ஒரு சிறுமி எழுந்து, "அண்ணா, அந்தத் தண்ணிய குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

தோல் கழிவால் இந்தப் பகுதியின் நீரும் நிலமும் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு என்று இன்றும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அந்தச் சிறுமிக்கு வழக்கு தெரிந்திருக்காது. குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்பது தெரியும். அவர் செம்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அங்கே டேனரியில் உழைப்பவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அவரே தோலை வெட்டிச் சாப்பிடுகிறவர். "அந்த மேஜிக் எனக்குத் தெரியலையே பாப்பா" என்றார். ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அடுத்த வித்தைக்குப் போனார்.

விழா முடிந்ததும் அவரே வருத்தத்தோடு சொன்னார்: "கடைசியில சொதப்பிட்டேன் சார். அடுத்த தடவை அதை எடுத்துடணும். ஸ்கூல்ல ஏதாவது நெனச்சுக்குவாங்க." எடுக்க வேண்டாம் என்றோம். எடுக்காமலிருந்தால் எத்தனை பள்ளிகள் அவரை மறுமுறை அழைக்கும் என்று அவர் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

எந்தத் தாளிலும் அந்தக் கேள்வி அச்சாகி வந்திருக்காது. அதை அவர் எழுதவுமில்லை. ஊரைச் செம்புக்குள் கொண்டுவந்ததால் அது தானே வந்தது. பனிமனிதனிடம் யாரும் அப்படி எழுந்து நின்று கேட்கவில்லை. வழிநூல் என்று நாம் சொல்வது இதைத்தான். இதன் விலை என்ன என்பதும் அன்று தெரிந்தது. வாங்கிய பேச்சு யாரையும் சங்கடப்படுத்தாது என்ற உத்தரவாதத்தோடு வருகிறது. ஆண்டுவிழாக் குழுக்கள் உண்மையில் அந்த உத்தரவாதத்துக்குத்தான் பணம் கொடுக்கின்றன. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வித்தைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், அவரை அழைக்கிற நம்மைக் கேட்டுக்கொள்வோம்: தலைமையாசிரியர்களும் பேராசிரியர்களும் பெற்றோர்களும், குழந்தை இலக்கியம் தமிழில் இல்லையே என்று கருத்தரங்குகளில் அங்கலாய்ப்பவர்களும். நம் பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்கும்படியான ஒரு வித்தையை நாம் எப்போதாவது விரும்பி அழைத்திருக்கிறோமா?

அடுத்த முகாமுக்கும் அவரிடம் நாள் கேட்டிருக்கிறோம். செம்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அந்தக் கடைசிப் பகுதி இருக்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் சார் என்றிருக்கிறார்.